இரண்டாவது வெள்ளைச் சட்டை

"ஏலே, துப்பறியப் போறவன் போடுற சட்டையா இது?" என்று பிரம்மநாயகி கேட்டபோது கார் ஆழ்வார்குறிச்சியைத் தாண்டிவிட்டது.

கிங்ஸ்டன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். சிவப்பு. அதுவும் சாந்தமான சிவப்பில்லை, தெருமுனையில் நின்றால் மாடு விரட்டுகிற சிவப்பு. போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டபோதே அவன் யோசித்திருக்க வேண்டும்.

"வெள்ளையா போட்டா துக்கம் கேக்கப் போற மாதிரி இருக்கும்க்கா. நாம வாத்தியாரை உசுரோட கூட்டிட்டு வரப் போறோம்."

பிரம்மநாயகி சிரிக்கவில்லை. பாளையங்கோட்டையில் வக்கீல் தொழிலை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் அவள்; கிங்ஸ்டன் அவளுடைய உதவியாள். எதிரே உட்கார்ந்து ஒருவன் புளுகினால்கூட இனிக்க இனிக்கச் சிரித்துக் கேட்பாள். அவள் சிரிக்காவிட்டால் கேஸ் மோசம் என்று கிங்ஸ்டனுக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை.

காணாமல் போனவர் பாக்கியசீலன். ஆழ்வார்குறிச்சியில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் வாக்கிங் போவார்கள், பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள். இவர் ஊசிப்பாறை ரயில்வே ஸ்டேஷனின் சரித்திரத்தை எழுதப் போகிறேன் என்று கிளம்பினார். மூடிக் கிடக்கிற ஸ்டேஷனுக்கு என்ன சரித்திரம் என்று கேட்டவர்களை அவர் மதிக்கவில்லை. முந்தாநாள் காலையில் அங்கே போனவர் திரும்பவில்லை. கடுமையான சர்க்கரை வியாதிக்காரர், இன்சுலின் ஊசி இல்லாமல் தாக்குப்பிடிக்காத உடம்பு. இன்று சாயங்காலத்துக்குள் ஊசி போடாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகள் லில்லி அழுத அழுகை இன்னும் காரிலேயே உட்கார்ந்திருந்தது.

கைவசம் இருந்தது ஒரே ஒரு துப்பு. வாத்தியார் மகளுக்கு வாட்ஸப்பில் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு. கிங்ஸ்டன் அதை மறுபடியும் ஓட விட்டான்.

"லில்லி, ஒரு வெள்ளைச் சட்டைதான்மா இருந்திருக்கு. ரெண்டு இருந்திருக்கணும். ஸ்டேஷன் சாவிய வாங்கி உள்ள பாத்துட்டு வாரேன்."

"வெளுக்கப் போட்ட துணியத் தேடி ஊசிப்பாறைக்குப் போற முதல் துப்பறியும் நிபுணர் நீங்கதான்க்கா."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. மழை வருவதாகவும் இல்லை, போவதாகவும் இல்லை. ஊசிப்பாறை முக்கில் ஒரு புளியமரமும் அதனடியில் ஒரு டீக்கடையும் இருந்தன. மனித சஞ்சாரம் என்று சொல்ல வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கடைக்காரர் தாவூது முப்பதை ஒட்டிய ஆள், பேச ஆள் கிடைக்காமல் ஏங்கிப் போயிருந்தவர். "போன் பேசணும்னா இந்த மரத்தடியிலேயே பேசிக்கிடுங்க. இத விட்டா ஊசிப்பாறையில எங்கனயும் சிக்னல் கிடையாது. வாத்தியாரும் இங்கன நின்னுதான் மகளுக்குப் பேசினாவ."

"பொறவு எங்க போனாவ, பாய்?" என்றாள் பிரம்மநாயகி.

"ஸ்டேஷனுக்குத்தான். சாவி அருணாசலம் அண்ணாச்சிட்ட இருக்கு. சுத்தியுள்ள தோட்டம் அவருது, ஸ்டேஷனக் குத்தகைக்கு எடுத்து வைக்கோல் அடைஞ்சு வச்சிருக்காரு. வாத்தியாருக்கு எப்பவும் அந்த ஸ்டேஷன் நெனப்புதான். ஓடிப்போன ஸ்டேஷன் மாஸ்டர் கதைய எல்லார்ட்டயும் கேப்பாவ."

"நாங்களும் கேப்போமே," என்று கிங்ஸ்டன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

தாவூது டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். மீட்டர் கேஜ் காலத்தில் எல்லா வண்டியும் ஊசிப்பாறையில் நின்றது. வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் இங்கிருந்துதான் ஏறின. அகலப்பாதை போடப் போகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். பாதை வந்தது, ரயிலும் வந்தது, நிற்பது மட்டும் வரவில்லை. அந்தக் கடைசி மீட்டர் கேஜ் வண்டி புறப்பட்ட அன்றைக்குத்தான் ஸ்டேஷன் மாஸ்டர் ஞானசம்பந்தன் பெண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் நடுத்தெருவில் விட்டுவிட்டு, அதே வண்டியில் ஏறி ஓடிப்போனார். இன்றுவரை தகவல் இல்லை.

"அண்ணாச்சி எப்படி ஆளு?" என்றாள் பிரம்மநாயகி.

"தங்கமான மனுஷன்மா. ஸ்டேஷன் மூடி ரெண்டு வருஷம் கழிச்சு வெளியூர்ல இருந்து வந்து தோட்டம் வாங்கினாரு. வாங்கினதும் ஸ்டேஷனுக்குப் பின்னால இருந்த கிணத்தத் தூத்தாரு. நாய் விழுந்து செத்து நாறிக் கெடந்த கிணறு. நாங்கல்லாம்தான் கூலிக்கு மண்ணள்ளிப் போட்டோம்."

"தோட்டம் வாங்கினவன் கிணறு வெட்டுவான். இவரு தூத்திருக்காரு," என்றாள் பிரம்மநாயகி.

"ஏக்கர் கணக்குல தண்ணி இல்லாத விவசாயம். புதுசா இருக்கே," என்றான் கிங்ஸ்டன். அவள் அதற்கும் சிரிக்கவில்லை.

ஸ்டேஷன் கல் கட்டடம். பெயர்ப்பலகையில் 'ஊசி' உதிர்ந்துபோய் 'பாறை' மட்டும் நின்றது. நடைமேடை முழுக்க ஆவாரஞ்செடி. அதற்கு அந்தப் பக்கம் புதுத் தண்டவாளம் பளபளவென்று, இந்த ஸ்டேஷனை ஏறெடுத்தும் பார்க்காமல் ஓடியது. ஒரு காக்கைகூட அங்கே கத்தவில்லை.

அருணாசலம் அண்ணாச்சி நெற்றி நிறைய திருநீறும் வாய் நிறைய 'வாங்கம்மா'வுமாக வரவேற்றார். கேட்காமலே இளநீர் வெட்டச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"வாத்தியார் வந்தாரு, சாவி கேட்டாரு. சாவி வேலையாள்ட்ட இருக்கு, நாளைக்கு வாங்கன்னேன். மேல ரோட்டுப் பக்கமா நடந்து போனாரு. பாவம், எங்க மயங்கிக் கெடக்காரோ."

"இந்த ஸ்டேஷனப் பத்தி அவரு என்ன கேட்டாரு அண்ணாச்சி?"

"எங்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்? நான் இங்கன வரும்போதே இத மூடியாச்சு. எனக்கும் ரயிலுக்கும் என்னம்மா சம்பந்தம்? எங்க போனாலும் பஸ்தான். ரயில்ல ஏறினா எனக்குத் தல சுத்தும். ஒரு தடவ சங்கரன்கோவிலுக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. ரயில் வருகிற சத்தம் அதற்குப் பிறகுதான் கிங்ஸ்டனின் காதில் விழுந்தது.

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டார். தண்டவாளத்தைப் பார்த்து நேராக நின்றார். தென்காசிக்குப் போகிற மத்தியான வண்டி தடதடவென்று வந்தது. ஜன்னலில் ஒரு குழந்தை கையசைத்தது, கிங்ஸ்டன் பதிலுக்கு அசைத்தான். அண்ணாச்சி இஞ்சினையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. காத்திருந்தார். கடைசிப் பெட்டி வந்ததும் அவருடைய வலது கை தோள் மட்டத்துக்கு உயர்ந்து, எதையோ பிடித்திருப்பதுபோல் மூடிய விரல்களோடு அப்படியே நின்றது. பெட்டி வாசலில் சும்மா நின்றிருந்த, வண்டிக்குப் பின்னாலிருந்து கொடி காட்டுகிற கார்டு அதைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகப் பச்சைக்கொடியை எடுத்து நீட்டினார். வண்டி போய்விட்டது. கை இறங்கியது.

"என்னமோ சொல்லிட்டிருந்தேன்லா?" என்றார் அண்ணாச்சி.

"தல சுத்தும்னு சொன்னீங்க," என்றாள் பிரம்மநாயகி, அன்றைக்கு முதல் தடவையாக இனிக்க இனிக்கச் சிரித்து.

டீக்கடைக்குத் திரும்பும்வரைகூட கிங்ஸ்டனால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, பிடிச்சாச்சு! ஓடிப்போன ஸ்டேஷன் மாஸ்டரே இவருதான். வேற பேர்ல திரும்பி வந்திருக்காரு. வாத்தியார் கண்டுபிடிச்சிட்டாரு. கேஸ் முடிஞ்சுது, பரோட்டா சாப்பிடலாம்."

அதைக் கேட்ட தாவூதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சம்பந்தம் சாரை எங்களுக்குத் தெரியாதாவே? பக்கத்துல இருந்து வருஷக்கணக்கா டிக்கெட் குடுத்த மனுஷன். நெட்டையா, ஒட்டடைக்கம்பு கணக்கா இருப்பாரு. அண்ணாச்சிய யாரும் முன்ன பின்ன கண்டதில்ல."

"அதான் விஷயம்," என்றாள் பிரம்மநாயகி. "ரயிலப் பாத்தா ஊரே இஞ்சினப் பாக்கும். இவரு வாலப் பாத்தாரு. கையும் தானா எந்திரிச்சுது. இவரு ரயில்வேக்காரர். ஆனா இந்த ஊர்ல யாருக்கும் முகம் தெரியாத ரயில்வேக்காரர். தாவூது பாய், சம்பந்தம் சார் வண்டில ஏறினத யாரு கண்டா?"

தாவூது டீத்தூள் வடிகட்டியைக் கீழே வைத்தார். "நான்தான்மா. சின்னப் பையன் அப்ப, நடைமேடையில சுண்டல் விப்பேன். அன்னைக்குக் கூட்டம் பூரா இஞ்சினுக்கு மாலை போடப் போயிட்டுது. நான் மட்டும் வால் பக்கம் நின்னேன். விளக்கு ரூம்ல இருந்து வெள்ளைச் சட்டையும் தொப்பியுமா சார் விறுவிறுன்னு வந்தாரு. கடைசிப் பெட்டில ஏறினாரு. பச்சைக்கொடியக் காட்டினாரு. வண்டி போயிட்டுது."

"முகத்தப் பாத்தீங்களா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா வெள்ளைச் சட்டை..."

"கடைசிப் பெட்டில வேற யாரு நின்னா?"

"யாரும் இல்ல. அவரு மட்டும்தான்."

"அப்ப கார்டு எங்க நின்னாரு, பாய்?"

தாவூது கண்ணை மூடி அந்த வால் பக்கத்தை நினைத்துப் பார்த்தார்.

கிங்ஸ்டனுக்கு இப்போது விளங்கியது. கடைசிப் பெட்டி கார்டு பெட்டி. கார்டுக்கும் வெள்ளைச் சட்டைதான். ஸ்டேஷன் மாஸ்டர் அதில் ஏறியிருந்தால் அங்கே இரண்டு வெள்ளைச் சட்டை இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒன்று. ஏறியவர் கார்டு. ஸ்டேஷன் மாஸ்டர் ஏறவே இல்லை.

"எங்க ஊர்ல வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர்தான்மா," என்றார் தாவூது. "ஸ்டேஷனுக்குள்ள இருந்து வெள்ளையா வந்தா அது சார்தான். வேற எப்படித் தோணும்? நான் சொன்னேன், ஊர் நம்பிச்சு. சாரோட வீட்டம்மா முக்காடு போட்டுக்கிட்டு ஊர விட்டுப் போனா. முந்தாநாள் வாத்தியாரும் இதேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாவ. எனக்கு உறைக்கலையே."

"அழ நேரம் இல்ல பாய். உங்க பைக்க எடுத்துக்கிட்டு ஆழ்வார்குறிச்சி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. போன்ல சொன்னா நாளைக்குத்தான் வருவாங்க. நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வாங்க," என்று பிரம்மநாயகி எழுந்தாள்.

அண்ணாச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போகும்வரை தோட்ட வேலிக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார்கள். அவர் தாமதமாகச் சாப்பிடுகிற ஆள். வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினார். இருவரும் ஸ்டேஷனின் பின்பக்கம் போனார்கள். வைக்கோல் போருக்கு நடுவில் விளக்கு ரூமின் கதவு. பழைய கதவில் புதுப் பூட்டு. அந்தக் காலத்துச் சிக்னல் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய அறை அது. மண்ணெண்ணெய் வாடை இன்னும் அடித்தது.

"இத்தனை வருஷமா வாடை நிக்குமாக்கா?"

"நிக்காது," என்றாள் அவள்.

பூட்டுத் திறப்பதில் கிங்ஸ்டனுக்குக் கைராசி உண்டு. திறந்தான். உள்ளே இருட்டு, மூலையில் ஒரு முனகல். பாக்கியசீலன் வாத்தியார் கை கால் கட்டப்பட்டு வைக்கோல் மேல் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, கண் செருகியிருந்தது. "தண்ணி" என்றார். இரண்டு பேரும் பாய்ந்து உள்ளே போனார்கள். ஒருத்தர் வெளியே காவல் நின்றிருக்க வேண்டும். பிரம்மநாயகியே பிற்பாடு அதை ஒத்துக்கொண்டாள்.

கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டும் விழுந்தது.

"இளநீர் குடிச்சிட்டுப் பேசாம ஊருக்குப் போயிருக்கலாம்லாம்மா," என்றது வெளியே அண்ணாச்சியின் குரல். கோபமே இல்லாத குரல். கிங்ஸ்டனை அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

"வாத்தியாரை எதுக்கு உசுரோட வச்சீரு?" என்று கேட்டாள் பிரம்மநாயகி.

"வேற யார்ட்ட சொன்னாருன்னு தெரியணும்லா? வாயத் திறக்க மாட்டேன்னுட்டாரு. இப்பத் தெரிஞ்சு போச்சு. கொஞ்சம் பொறுங்க. திருநெல்வேலிக்குப் போற சாயந்தர வண்டி தாண்டட்டும். அதுக்கு முன்னால பத்த வச்சா புகையப் பாத்து வண்டிய நிப்பாட்டிருவான். வண்டி போன பொறவு இங்கன ஈ காக்கா வராது. வைக்கோல்ல தீப்பிடிக்கது ஊர்ல நடக்காததா?"

"வாழைத்தாருக்குள்ள சந்தனக்கட்டை," என்று வாத்தியார் முனகினார். "கார்டு பெட்டில கடத்தியிருக்கான். சம்பந்தம் பாத்துட்டாரு... மேலிடத்துக்கு எழுதிக் குடுப்பேன்னாரு... இவன் வாயாலதான் எங்கிட்ட சொன்னான்."

"கடைசி வண்டிம்மா அது," என்றது வெளிக்குரல். உண்மையான வருத்தம் அதில் இருந்தது. "மறுநாள்ல இருந்து வண்டியே கிடையாது. அந்த ஒரு நாள் அவரு கண்ண மூடியிருந்தா இப்ப பெண்டாட்டி பிள்ளையோட இருப்பாரு."

கதவுக்கு அடியில் மண்ணெண்ணெய் கசிந்து உள்ளே வந்தது. கிங்ஸ்டன் போனைப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை. நடைமேடைப் பக்கம் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கினான். வெள்ளைக்காரன் காலத்துக் கம்பி, அசைந்து கொடுக்கவில்லை. போலீசோடு தாவூது வருவது முந்துமா, வண்டி முந்துமா என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மேற்கே ரயில் ஊதியது.

பிரம்மநாயகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தை அல்ல. சட்டையை.

"கழத்துலே!"

பொத்தான்கள் தெறித்தன. ஜன்னல் கம்பிக்கு வெளியே தோள்வரை கையை நீட்டி, அந்தப் பாதி விலைச் சிவப்பைக் கிங்ஸ்டன் வீசு வீசென்று வீசினான். இஞ்சின் வந்தது, தாண்டியது, போயே போய்விட்டது. பெட்டிகள் ஓடின. ஆண்டவரே என்று அவன் கண்ணை மூடிய நேரத்தில் காது கிழிகிற சத்தத்தோடு பிரேக் பிடித்தது. ஒவ்வொரு பெட்டியாக வேகம் குறைந்து, கடைசிப் பெட்டி சரியாக ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. ஊசிப்பாறையில் ரயில் நின்றது.

சிவப்பைப் பார்த்துப் பிரேக்கை இழுத்தவர் மத்தியானம் பார்த்த அதே கார்டுதான்; கீழே குதித்தார். உள்ளே இருந்து இருவரும் போட்ட கூச்சலில் பெட்டி பெட்டியாக ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பின்பக்கத்திலிருந்து அண்ணாச்சி வந்தார். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. ரயில் நின்றால் அதை நோக்கி நடப்பதுதான் அந்தக் கால்களுக்குப் பழக்கம் போலிருக்கிறது. கையில் மண்ணெண்ணெய் கேன் இருந்தது.

கார்டு அவரைப் பார்த்ததும், "மத்தியானம் கொடி பிடிக்கிற மாதிரி கையத் தூக்கி எனக்கு ஆல்ரைட் காட்டின பெரியவர்தானே? பாத்ததுமே நம்ம ஆளுன்னு நினைச்சேன். கார்டா இருந்தீங்களா?" என்றார்.

ரயிலில் ஏறினால் தலை சுற்றுகிறவர் கேனை மெதுவாகக் கீழே வைத்தார். உள்ளே இருந்து கிங்ஸ்டன் கத்தியதைக் கேட்டு நாலைந்து பேர் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். யாரோ அவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார்கள்.

வாத்தியாரைத் தூக்கிக் கார்டு பெட்டியில் படுக்க வைத்தார்கள். ரயிலில் வந்த நர்ஸ் ஒருத்தி நாடி பார்த்துவிட்டு, அம்பாசமுத்திரம்வரை தாங்கும் என்றாள். வாக்கிடாக்கியில் அங்கே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டதாகக் கார்டு சொன்னார். இன்ஸ்பெக்டர் வரும்வரை காத்திருந்த போலீஸ் ஜீப் அப்போதுதான் வந்தது. முதலில் இறங்கியவர் தாவூது.

வாத்தியார் படுத்தபடியே கையை அசைத்து அவரைக் கூப்பிட்டார். "தாவூது... ரெண்டாவது வெள்ளைச் சட்டை எங்கன்னு நானும் ரெண்டு நாளா உள்ள கெடந்து யோசிச்சேன். இவன் தோட்டம் வாங்கினதும் முதல்ல எதத் தூத்தான்?"

தாவூது ஸ்டேஷனுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். தோட்டம் முழுக்க வாழை நின்றது. கிணறு இருந்த அந்த ஓரிடத்தில் மட்டும் ஒன்றும் நடவில்லை.

"நாய்னு சொன்னாவளே," என்றார். "அந்த மண்ணுல பாதி நான் அள்ளிப் போட்டதும்மா."

கிங்ஸ்டன் பனியனோடு நின்றான். கார்டு விசில் ஊதிக் கொடியை நீட்ட, வண்டி நகர்ந்தது. தாவூது அந்த வெறும் மண்ணைப் பார்த்தபடி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"சார் ஓடிப்போகலன்னு அந்தம்மாட்ட யாரும்மா போய்ச் சொல்லுவா?"

"நீங்கதான் சொல்லணும், பாய்," என்றாள் பிரம்மநாயகி. "அவரு போயிட்டாருன்னு முதல்ல சொன்னதும் நீங்கதானே."